கம்ப்யூட்டர் நம்பிய பாக்கு

என்னைப் போல ஒரு மடையன் ஓப்பநாயக்கப் பக்கம் இருக்க முடியாது. கட்டுப்பல்லுக்கு அச்செடுக்குமுன் வாயைக் கொப்பளிக்கச் சொன்ன இரத்தினபுரிப் பல் டொக்டரிடம், "அதெல்லாம் கொப்பளிச்சாச்சுங்க" என்று வாய் கூசாமல் சொன்னவன் நான். வழியெல்லாம் மென்ற வெற்றிலையை பஸ் ஜன்னலால் துப்பியதே போதும் என்று நினைத்துவிட்டேன்.

யுத்தம் முடிந்த வருஷம் அது. மேல்வரிசையில் எனக்குப் பல் சில போயிருந்தன. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் மைக் பிடிப்பவன் நான்தான். பல் போனபின் "சாமி புறப்படுகிறது" என்றால் விசில்தான் புறப்பட்டது. திருவிழாவுக்குள் பல் வராவிட்டால் என் மச்சான் பேசட்டும் என்று கோயில் கமிட்டி சொல்லிவிட்டது. மச்சானுக்குப் பல் உண்டு, பேச்சுத்தான் கிடையாது.

டொக்டரிடம் கட்டுப்பல் செய்யும் முஸ்லிம் தங்கச்சி ஒருவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, அவர் கையால் மெழுகு வைத்துச் செய்யும் பிளாஸ்டிக் தட்டு. மற்றது, வாயின் அச்சைக் கொழும்புக்கு அனுப்பி, கம்ப்யூட்டர் அதைப் படம் பிடித்து, திரையில் வரைந்து செய்யும் மெல்லிய உலோகச் சட்டம். கம்ப்யூட்டர் என்றதும் எனக்கு நெஞ்சு விரிந்தது. எங்கள் தோட்டத்து ஆபீசில் ஒன்று இருந்தது. அதைத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள்.

சட்டம் பளபளவென்று வந்தது. வாயில் வைத்தால் உடைந்த கதிரைபோல ஆடியது.

"கம்ப்யூட்டரே பிழை விட்டிருச்சு போல" என்றேன்.

தங்கச்சி என் அச்சில் வார்த்த பல்வரிசையைத் தடவிப் பார்த்தார். "அண்ணன், கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால முட்டுறது என்ன?"

"பாக்கா இருக்கும்."

"கம்ப்யூட்டர் அதையும் பல்லுன்னு நெனச்சு, சட்டத்தைப் பிடிக்கிற கொக்கி போட்டிருக்கு. நானும் பாக்காம அனுப்பிட்டேன். கையால செஞ்சிருந்தா மெழுகு வைக்கிறப்பவே விரல்ல பட்டிருக்கும்."

"அப்ப என் மைக்?"

அவர் சிரித்தார். டொக்டர் பக்கத்தில் நின்று என்னைக் கொப்பளிக்க வைத்து மறுபடி அச்செடுத்தார். ஒரு பிரதி கொழும்புக்குப் போனது. இன்னொன்றில் தங்கச்சி திருவிழாவுக்குள் ரோஸ் நிறத் தட்டொன்றைச் செய்து தந்தார்.

கொழும்புச் சட்டம் திருவிழாவுக்குப் பிறகுதான் வந்தது. அரம் படாமலே உட்கார்ந்தது. தேத்தண்ணியின் சூடுகூட அண்ணத்தில் தெரிந்தது. உடைந்தாலும் படம் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். ரோஸ் தட்டோ தடிப்பு, கரையாத பிஸ்கட்டை வாயில் வைத்திருப்பது போல. ஆனால் மைக்கைக் காப்பாற்றியது அதுதான்.

தேர் நாளில் அதை மாட்டிக்கொண்டு, சாமி புறப்பாடு, அன்னதானம், காணாமற்போன செருப்பு என்று ஒன்று விடாமல் அறிவித்தேன். மச்சான் கை நீட்டியதைக் கண்டும் காணாதவன் போலத் தொடர்ந்தேன். பக்கத்தில் வந்த மனைவியிடம், "நான் பேசுறது விளங்குதா?" என்று கேட்டேன்.

"நல்லா விளங்குது, நிப்பாட்டுங்க."