அக்கா தட்டிய கதவு

நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்று பெரிய மச்சான் எனக்குச் சொல்லியிருக்கிறார். அக்காவைப் பற்றிய நல்லதை எழுத இந்த மலர் முழுவதும் போதாது. ஆனால் கனடாவில் அக்கா குடியிருந்த மோர்னிங்சைட் கட்டடத்தில் நடந்ததை விட்டுவிட்டு எழுதினால், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு இதைக் கையில் வாங்கும் நீங்களே, "அதைப் பற்றி ஒண்டும் எழுதல்லையே" என்று காருக்குள் கதைத்துக்கொண்டு போவீர்கள். ஆகவே எழுதுகிறேன். அங்கே அக்கா பார்த்துக்கொண்ட இரண்டு பிள்ளைகளின் தாயிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்கள் மட்டும் வேண்டாம் என்றார்.

அக்கா மட்டக்களப்பு ஆரையம்பதியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. நாடு குழம்பிக் கிடந்த காலத்தில் ஒரு பின்னேரம், யாரோ வாசலில் நின்று அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தெரிந்த குரல். கதவைத் திறந்தது அக்கா. அப்போது அவருக்குப் பதினைந்து வயது. அப்பா சேர்ட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார், பிறகு வரவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். அக்கா அதற்குப் பின் யார் தட்டினாலும் உடனே திறந்ததில்லை. பெரியம்மாவையே வெயிலில் நிற்கவைத்து, "உங்கட மூத்த மருமகன்ட பேர் என்ன?" என்று உள்ளேயிருந்து விசாரித்தவர். பெரியம்மா சாகும்வரை அதைச் சொல்லித் திட்டினார். அக்கா படிப்பை விட்டார், கலியாணத்தையும் விட்டார், என்னை விடவில்லை. கனடாவுக்கு முதலில் வந்து கட்டடங்களில் துப்புரவு வேலை செய்து என்னையும் கூப்பிட்டார். பிறகு மோர்னிங்சைட்டில் தன் வீட்டிலேயே மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். அவர் பார்த்து வளர்த்த பிள்ளைகள் இப்போது தாடியோடு வந்து பெட்டியருகே நின்று அழுதார்கள். நீங்கள் கண்டீர்கள்.

கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடியபோது அக்காவின் பிள்ளை பார்க்கும் வேலையும் நின்றது. அதே மாடியில் ஒரு தாய் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஏழு வயதில் ஒரு மகள், நான்கு வயதில் ஒரு மகன். தனியாகவே வளர்த்தார். வேலை முதியோர் இல்லத்தில். பிள்ளைகள் அதுவரை பள்ளிக்கூடம் விட்டதும் அக்காவிடம்தான் வருவார்கள். அந்தத் தாய் வாசலில் தள்ளி நின்று சொன்னாராம்:

"அன்ரி, எங்கட இல்லத்தில கொரோனா வருத்தம் பரவிப்போச்சு. உங்களுக்குச் சுகர் வேற. பிள்ளையளால உங்களுக்கு வந்தா நான் என்ன செய்வன்?"

"அப்ப வேலைக்குப் போகாம இருக்க ஏலாதா மகள்?"

"அங்க என்னை விட்டா அந்த வயசு போனதுகளுக்குச் சாப்பாடு ஊட்டிவிட ஆளில்லை அன்ரி. நான் வீட்டில நிண்டா வேலையும் போயிடும்."

எனக்கு இதை நினைக்க இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. மற்றவர்களின் பெற்றோரைப் பார்க்க அவர் கட்டாயம் தேவை. அவருடைய பிள்ளைகளைப் பார்க்க ஒருவரும் தேவையில்லை. அப்படிப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்க அரசாங்கம் பிறகு ஏதோ ஒழுங்கு செய்தது என்று கேள்விப்பட்டோம். எங்களுக்குத் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது.

ஆகவே பிள்ளைகள் பூட்டிய வீட்டுக்குள் தனியே இருந்தார்கள். அக்கா முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, அந்தக் கதவுக்கு வெளியே பிளாஸ்ரிக் கதிரையில் உட்கார்ந்து காவல் காத்தார். உள்ளே அவர்கள், வெளியே இவர், நடுவே கதவு. கதவுக்கூடாகவே கதை சொன்னார், பெருக்கல் வாய்ப்பாடு கேட்டார், சண்டை தீர்த்தார். பிள்ளைகளைத் தனியே விட்டது வெளியில் தெரிந்தால் சிறுவர் காப்பகத்தார் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் தாய்க்கும் அக்காவுக்கும் இருந்தது. வீட்டுச் சாவி ஒன்று அக்காவிடம் இருந்தது. அது போதாதென்று உள்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாளும் பொருத்தச் செய்தார். தாய் வேலைக்குப் போனதும் மகள் அதைப் போட வேண்டும். எங்கள் ஊர் வழக்கில் மகளை 'மனே' என்று கூப்பிட்டு அக்கா சொல்லிக்கொடுத்தார்:

"ஆர் தட்டினாலும் திறக்கப்படாது மனே. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திறக்கப்படாது. நான் கூப்பிட்டாலும் திறக்கப்படாது. அம்மா போனில சொன்னா மட்டும்தான். ஆரும் பலமாத் தட்டினா, தம்பியை உடுப்பு அலுமாரிக்குள்ள ஒளிக்கச் சொல்லு."

சொல்லிக்கொடுத்ததோடு விடவில்லை, சோதித்தும் பார்ப்பார். திடீரென்று போய்த் தட்டி, "மகள், அன்ரிதான், சொக்லேட் கொண்டுவந்திருக்கன், திற" என்பார். உள்ளே மூச்சுச் சத்தமும் இருக்காது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரி" என்று சொல்லி, கதவுக்கடியால் ஸ்ரிக்கர் ஒன்றைத் தள்ளிவிடுவார். பிறகு எனக்குப் போன் எடுத்துச் சிரிப்பார். "எந்தக் கொம்பன் வந்தாலும் நம்மட புள்ளைகள் திறக்காதுகள்." அப்பா போய் அத்தனை வருடத்துக்குப் பின் அக்கா பெருமையாகப் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

அந்த மத்தியானம் அக்கா சாப்பிடவென்று தன் வீட்டுக்குள் போயிருந்தார். தம்பிக்குப் பசிக்கிறதென்று மகள் ரோஸ்ற்றரில் பாண் துண்டை வாட்ட வைத்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த கடதாசித் துவாய் பற்றிக்கொண்டது. அக்கா மணம் பிடித்து ஓடிவந்தபோது கதவுக்கடியால் புகை வந்துகொண்டிருந்தது. சாவி திரும்பியது. தாழ்ப்பாள் விடவில்லை.

அக்கா தட்டினார். இரண்டு கையாலும் அடித்தார். "திற மனே, அன்ரிதான், நெருப்பு, திற" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் வந்து கதவை உதைத்தார். தாயைத் தொலைபேசியில் அழைத்தார்கள். வேலையிடத்தில் அவருடைய போன் அலுமாரிக்குள் பூட்டிக்கிடந்தது. கதவின் மறுபக்கத்தில் மகள் இருமுவது அக்காவுக்குக் கேட்டது. அத்தனை கிட்டத்தில் அவள் நின்றாள்.

தீயணைப்பு வீரர்கள் வந்து உடைத்தபோது அவள் கதவோடு விழுந்துகிடந்தாள். அவளைக் காப்பாற்றினார்கள். சின்னவனைக் காணவில்லை. அலுமாரிக்குள் பாருங்கள் என்று அக்கா சொல்லித்தான் தேடினார்கள். தட்டுகிற சத்தம் பலத்ததும், பழக்கியபடியே அவன் போய் உடுப்புகளுக்கடியில் ஒளித்திருந்தான். ஆஸ்பத்திரியில் அவன் கண் விழிக்கவில்லை.

சின்னவனின் இறுதிக்கிரியைக்கு ஒரு சிலரைத்தான் உள்ளே விட்டார்கள். அக்கா அதைக் கைத்தொலைபேசியில் பார்த்தார். விசாரிக்க வந்தவர்களிடம், "நான்தான் சொல்லிக்குடுத்தனான். தாயில பிழையில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்கள் நல்லவர்கள். உங்களில் பிழை இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். மகளைக் கொஞ்சக் காலம் தாயிடமிருந்து பிரித்து வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இருவரும் பிறம்ரன் நகருக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஆட்கள் "காலம் அப்பிடி" என்றார்கள். காலத்தின் தலையில் போட்டுவிட்டால் எல்லோருக்கும் சுகம். அக்காவுக்கு அந்தச் சுகமும் கிடைக்கவில்லை. ஒருநாள் என்னிடம், "அங்க திறந்தன், அப்பா போனார். இஞ்ச திறக்காதே எண்டன், புள்ளை போயிட்டுது. நான் என்னத்தச் செஞ்சிருக்கோணும்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அக்கா தன் வீட்டுக் கதவைப் பூட்டவில்லை. இரவும் பூட்டவில்லை. "பூட்டுங்கக்கா, இது நல்லதில்ல" என்று நான் இருக்கும் ஒஷாவாவிலிருந்து போய்ப் போய்ச் சண்டை பிடித்தேன். கேட்கவில்லை. சுகர் வருத்தம் முதலில் காலைத் தின்றது, பிறகு சிறுநீரகத்தை. மருந்தையும் ஒழுங்காக எடுக்கவில்லை. சென்ற மாதம் ஒரு காலை, பராமரிக்க வரும் பெண் வந்தபோது அக்கா போய்விட்டிருந்தார். கதவு வழமைபோலத் திறந்தே இருந்தது.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அக்காவை ஏற்றி இறக்கிய மச்சானுக்கும், செத்தவீட்டன்று சமைத்து அனுப்பிய மாடிக்காரர்களுக்கும், பனிக்குள் தூரத்திலிருந்து வந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும். பார்வைக்கு வைத்த அன்று அந்தத் தாயும் மகளும் வந்தார்கள். மகள் இப்போது என் உயரம். அக்காவை நீண்ட நேரம் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அப்போது அவள் சொன்னதை எழுதலாமா என்று பிறகு கேட்டேன். எழுதுங்கோ என்றாள்.

"அன்ரி, அண்டைக்கு அவ தட்டினது எனக்குக் கேட்டது. அவதான் எண்டும் தெரியும். சோதிச்சுப் பாக்கிறா எண்டு நினைச்சன். எப்பவும் கடைசியில கெட்டிக்காரி எண்டு சொல்லுவாதானே. அதுக்குத்தான் காத்துக்கொண்டு நிண்டனான்."

அந்தக் 'கெட்டிக்காரி' என்ற சொல்லை அக்காவுக்காக அவளிடம் நானாவது சொல்லியிருக்க வேண்டும்.

தங்கை,
ஒஷாவா