அப்பா வாங்கிய தொண்ணூறு

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் தெருவே என் அப்பாவைக் குடிகாரர் என்றது. அவர் குடித்ததே இல்லை. பார்த்தவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. முகம் ஊதியிருந்தது. பேச்சு தடித்து இழுத்தது. சித்திரை வெயிலில் துண்டைப் போர்த்திக்கொண்டு குளிருகிறது என்றார். தறியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒரு மாதத்தில் முடிகிற சேலை இரண்டு மாதம் இழுத்தது.

பட்டும் சரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி செவிலிமேட்டிலிருந்து பைக்கில் வந்து பார்த்தார்.

“காலையிலயே ஏத்திக்கினு உக்காந்தா தறி எப்படிபா ஓடும்? இந்தப் பாவுல மிச்சமிருக்கிற சேலைங்களை முடிச்சுக் குடு. அடுத்த பாவு உனக்குக் கெடையாது.”

ஒரு பாவு நூலில் மூன்று சேலை வரும்; அது இல்லையென்றால் தறி வெறும் கட்டை. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு தறிதான்.

அம்மா அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை, தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டும், ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ரிசல்ட் தாளை அப்பா என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மூன்று இங்கிலீஷ் எழுத்து, பக்கத்தில் தொண்ணூறு. நான் எந்தப் பாடத்திலும் நாற்பதைத் தாண்டாதவன். தெருவில் இறங்கி ஓடினேன்.

“எங்கப்பா ரத்தத்துல தொண்ணூறு!”

“நூத்துக்காடா?” என்றாள் எதிர்வீட்டு அக்கா.

“ஆமாக்கா.”

மறுநாளிலிருந்து விடிந்ததும் முதல் வேலை மாத்திரைதான். காபி டம்ளரைத் தறி ஓரம் வைத்துவிட்டு, ஒரு விரற்கடை நெய்து முடித்த பிறகே தொடுவார்.

“ஆறிப்போய் பச்சத்தண்ணியா இருக்குது, இதையா குடிப்பீங்க?” என்று அம்மா கத்துவாள்.

“ஆறட்டுமே. மாத்திரை போட்டு அரை மணி நேரம் ஆவணும்னு டாக்டரம்மா சொல்லிக்கிறாங்க.”

பின்னாளில் ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, லாரி, ஓட்டல், கட்டட வேலை என்று பல ஊர் சுற்றினேன். ஏற்றுக்கொண்டதை ஒரு நாள்கூட விடாமல் செய்கிற ஆள் எந்த ஊரிலும் அபூர்வம். என் அப்பா அப்படி ஓர் ஆள்.

ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தார்கள். முப்பத்திரண்டு. எங்கள் பள்ளியில் பாஸ் மார்க் முப்பத்தைந்து. மூன்று மார்க்கில் போய்விட்டதே என்று எனக்குப் பகீரென்றது. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். “இன்னாமோ பரிட்சையில பாஸானா மாதிரி இல்ல சிரிக்கிறாரு” என்றாள் அம்மா. தோற்றவர் மனசைத் தேற்றிக்கொள்கிறார் என்று நினைத்தேன். மாத்திரையைக் கூட்டினார்கள். அடுத்த ஆறு வாரத்தில் வந்தது நாலு.

வெறும் நாலு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் அவர் முகம் வற்றியிருந்தது. கவலையில் இளைத்துவிட்டார் என்று முடிவுகட்டினேன்.

பாவில் கடைசிச் சேலை முடிகிற வாரம் முதலாளி வந்தார். அப்பா வெளியே போயிருந்தார்.

“டேய், உங்கப்பாவுக்குத் தைராய்டாமே, ரத்தத்துல தொண்ணூறுன்னு ஊரெல்லாம் சொன்னியாமே. இப்ப எவ்ளோ?”

அப்பாவைக் காப்பாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதென்று நினைத்தேன். “தொண்ணூத்தஞ்சு சார். ஏறிக்கினே போவுது.”

அவர் முகம் சுருங்கியது. “எங்கூட்டு அம்மாவும் அதே மாத்திரைதாண்டா போடுது. ஏறுதுன்னா ஒழுங்கா போடலைன்னு அர்த்தம். குடிக்கிறவன் எங்க போடுவான்?” என்று வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

அப்பா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முதுகில் விழும் என்று காத்திருந்தேன். அவர் சட்டையை மாட்டி, தாளை எடுத்துக்கொண்டு, என்னைச் சைக்கிளில் ஏற்றினார்.

முதலாளி வீட்டுக் கூடத்தில் ஐந்தாறு நெசவாளர்கள் சேலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா நடுக்கூடத்தில் நின்று தாளைப் பிரித்தார்.

“நாலு சார்!” என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “எனக்குத் தைராய்டு. சாவற வரைக்கும் மாத்திரை. ஒரு நாள் உட்டதில்ல. பாருங்க, நாலு.”

நான் தரையைப் பார்த்தேன். நாலு மார்க்கை இப்படி யாராவது கூவுவார்களா?

முதலாளி தாளைப் படித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். “அஞ்சுக்குள்ள வந்தாத்தான் சரின்றாங்க, எனக்கே இன்னும் ஏழுல நிக்குது. எப்பிடிங்க கொண்டாந்தீங்க?”

“காபியைத் தள்ளி வைச்சேன்மா” என்றார் அப்பா.

உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தார். அது கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. அத்தனை பேர் முன்னால், தனக்குத் தீராத வியாதி என்று சொல்லிவிட்டு அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் தாள் முதலாளியிடம் வந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து அதை மடித்து இரண்டு கையாலும் அப்பாவிடம் கொடுத்தார். பாவுக்கு நாளைக்கு வரச் சொன்னார். பாவு கிடைத்தது புரிந்தது. அதற்கு அவர் ஏன் எழுந்து நிற்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை.