சதுர்த்தசியன்று ஆறிய படலம்

சம்யுக்தாவுக்கு அந்தக் கறுப்புப் படலத்தின் மேல் இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. திருப்பருத்திக்குன்றத்திலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்து, காற்றை உறிஞ்சியெடுத்த அறைக்குள் கொஞ்சம் ஆக்சிஜனை விட்டு, லேசரை அடித்து, சூடான தகட்டின் மேல் பெரோவ்ஸ்கைட் ஆக்சைடை மெல்லிய படலமாகப் படியவைப்பதுதான் அவளுடைய பிஎச்.டி. வேலை. லாந்தனமும் மாங்கனீசும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள் அது. சும்மா விட்டால் மின்சாரத்தைக் கிட்டேயே சேர்க்காது. லாந்தனத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு ஸ்ட்ரான்ஷியத்தைக் கலந்தால் ஜம்மென்று கடத்த வேண்டும். இவள் கையில் மட்டும் அடம்பிடித்தது.

கலப்பைக் கூட்டினாள், குறைத்தாள், தகட்டின் சூட்டை மாற்றினாள். மீட்டர் மசியவில்லை. வழிகாட்டி விமல்ராஜ் தாமல் பக்கத்து விவசாய வீட்டுக்காரர், நல்ல மனுஷர். அவருக்கே அலுத்துவிட்டது.

“ஏம்மா, எத்தினி நாளு இதையே பண்ணிக்கினு இருப்ப? ரிவியூவுக்குள்ள சாம்பிள் உருப்படியா வரணும். இல்லன்னா தலைப்ப மாத்திடலாம்.”

தலைப்பு போனால் இத்தனை வருட உழைப்பும் போச்சு. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

அடுத்து வந்த சதுர்த்தசியன்று செய்த படலம் அருமையாகக் கடத்தியது! கலப்பு பிடிபட்டுவிட்டது என்று துள்ளினாள். மறுநாள் அதே கலப்பு, அதே சூடு. படலம் பழையபடி முரண்டு பிடித்தது.

தலையில் கை வைத்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. சதுர்த்தசி நோன்பு நாள், சாப்பாடு கிடையாது. மற்ற நாளெல்லாம் பொழுது சாய்வதற்குள் வீட்டில் சாப்பிட்டாக வேண்டும். அது சமண வீட்டு வழக்கம். அதனால் படலம் படிந்த கையோடு ஆக்சிஜனை மூடி, பம்பை ஓடவிட்டு, பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். கொதிக்கும் படலம் காற்றில்லாத அறையில் கிடந்து, தன்னிடமிருந்த ஆக்சிஜனையும் இழந்துவிடும். ஸ்ட்ரான்ஷியம் செய்த நல்லதையெல்லாம் ஆக்சிஜன் விட்டுப்போன அந்தக் காலி இடங்கள் கெடுத்துவிடும். நோன்பன்று அவளுக்கு அவசரமில்லை. ஆக்சிஜனை நிறைய விட்டு, படலத்தை நிதானமாக ஆறவிட்டிருந்தாள். பாவம், ஸ்ட்ரான்ஷியத்தைத்தான் இத்தனை நாளும் திட்டித் தீர்த்திருந்தாள்.

மறுநாள் அம்மா இந்திராவிடம் சொல்லி எலுமிச்சை சாதத்தை டப்பாவில் கட்டி எடுத்து வந்தாள். வெயில் இருக்கும்போதே ஆய்வக வராந்தாவில் சாப்பிட்டு முடித்தாள். படலம் முழுக்க ஆறும்வரை ஆக்சிஜனை மூடவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே செய்தாள்.

ரிவியூ அன்று அனைவர் முன்னிலையிலும் இரண்டு படலங்களையும் மீட்டரில் வைத்தாள். இரண்டும் கடத்தின, அதுவும் ஒன்றுபோல.

விமல்ராஜ் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “எதம்மா மாத்துன? கலப்பா, சூடா?”

“ரெண்டும் இல்ல சார். சாப்பாட்ட இங்கியே எடுத்தாந்துட்டேன்.”

அவர் விழித்தார். அவள் விஷயத்தை விளக்கியதும் அறையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான்.

“தலைப்பு உன்னுதுதாம்மா. இனிமே இந்த லேப்ல எல்லாருமே டப்பா கட்டிக்கினு வரட்டும்!”