இட்லியில் ஏது முள்

எங்கள் வீட்டில் தொண்டையில் எது சிக்கினாலும் அது முள்தான். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மேடவாக்கத்தில் தெருத்தெருவாக மீன் விற்பவள். வேறு எதுவும் சிக்கும் என்று எங்களுக்குத் தோன்றாது.

எனக்கு அடிக்கடி சிக்கியது. பாதிச் சாப்பாட்டில் நெஞ்சுக்கு மேலே அடைக்கும். எச்சில்கூட இறங்காது. அம்மா வெறுஞ்சோற்றை உருண்டை பிடித்து, மெல்லாமல் விழுங்கச் சொல்வாள். அது முள்ளைத் தள்ளிவிடுமாம். உருண்டையும் மேலேயே உட்காரும். மாமா முதுகில் தட்டுவார். எல்லாம் வெளியே வரும். முள் மட்டும் வராது.

“மீன்காரி பொண்ணுக்கு முள்ளு எடுக்கத் தெரியல. வெளிய சொல்லாதக்கா, ஒருத்தனும் உங்கிட்ட மீனு வாங்க மாட்டான்” என்பார் மாமா.

அம்மாவுக்கு அது உறைத்தது. அவளே முள் பார்த்துப் பிசைந்து ஊட்டினாள். அப்போதும் சிக்கியது. நான் இளைத்துக்கொண்டே போனேன்.

ஒருநாள் காலையில் இட்லி. அதுவும் அடைத்தது. அம்மா வழக்கம்போல உருண்டை பிடிக்கப் போனாள். சோற்றுப் பானையில் கையை வைத்தபடி அப்படியே நின்றாள்.

“இட்லில ஏதுடி முள்ளு?”

மீன் கூடையை மாமா தலையில் ஏற்றிவிட்டு, என்னைத் தாம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே சுண்ணாம்பு கரைத்தது போல ஒரு வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். மருந்து மேலே குளம்போலத் தேங்கி, நூலாகக் கீழே இறங்கியிருந்தது.

“முள்ளு எதுவும் இல்லம்மா” என்றார் டாக்டரம்மா. “சாப்பாடு போற குழாய் பிறவியிலயே இந்த இடத்துல குறுகி இருக்கு. மயக்கம் குடுத்து, வாய் வழியா சின்ன பலூன் விட்டு விரிக்கலாம். ரெண்டு மூணு தடவை வரவேண்டியிருக்கும்.”

“இந்தச் சந்துலயா இம்மாம் நாளா சோறு போச்சு?” என்றாள் அம்மா. உருண்டை பிடித்த கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

முதல் தடவை மயக்கம் தெளிந்ததும் மாமா குனிந்து கேட்டார்: “பலூன் இன்னா கலரு?”

தூங்கிவிட்டேன் என்றேன்.

“சினிமாவுக்கு டிக்கெட் வாங்கிகினு உள்ள தூங்கிட்டு வந்துக்கீது பாரு.”

சிரித்தால் தொண்டை வலித்தது. சிரித்தேன்.

டாக்டரம்மா சொல்லும்வரை கஞ்சியும் குழைந்த சோறும்தான். எனக்கு மட்டுமில்லை, வீட்டில் எல்லோருக்கும் அதேதான். மீன் எங்கே என்று கேட்டேன். கடலில் மீனே இல்லை என்றார் அப்பா. நம்பினேன். அம்மா தினமும் நிறைந்த கூடையோடுதான் கிளம்பிப் போனாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசித் தடவை போய்வந்த பிறகு, இனி எதையும் நன்றாக மென்று சாப்பிடலாம் என்றார்கள். அன்று அம்மா வஞ்சிரம் வறுத்தாள். நான் ஒரு துண்டை மென்று விழுங்கினேன். எல்லோரும் என் கழுத்தையே பார்த்தார்கள். இறங்கியது.

“போச்சு” என்றேன்.

அதுவரை யாரும் தட்டில் கைவைக்கவில்லை. அதன்பிறகு அப்பா நிமிரவே இல்லை. துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மா அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வறுத்துப் போட்டாள். அவள் கண்ணில் புகை என்று நினைத்தேன்.

எனக்குக் கோபம். மீன் எனக்காக வறுத்தது. இவர் ஏன் மீனையே காணாதவர் மாதிரி தின்கிறார் என்று மாமாவிடம் புகார் சொன்னேன்.