பென்சில் நட்சத்திரம்

புருல் எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறப்பார். பக்க எண்ணைப் பார்த்துக்கொள்வார். பிறகு மூடி, முதுகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, ஓஷ் சந்தையில் முலாம்பழம் வாங்குகிறவர்களைப் போல ஓர் அமுக்கு அமுக்குவார். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் அதற்கப்புறம்தான். ஏன் என்று கேட்டால், "பேரு பொய் சொல்லும். வருஷங்கூடப் பொய் சொல்லும். தடிமன் சொல்லாது" என்பார். சொல்லும்போது இடது கன்னம் உப்பியிருக்கும். உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டை, குருத் என்பது, காலையில் அங்கே குடியேறினால் மதியம் வரை கரைந்துகொண்டிருக்கும். வாசக அறையில் எதுவும் தின்னக் கூடாது என்று எழுதி ஒட்டியவரும் இவர்தான். இது தின்பதில் சேராதாம், வைத்திருப்பதாம்.

பிஷ்கெக்கில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடியில், வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரை ஒட்டி அவருடைய மேசை. முப்பத்தேழு வயதுப் பெண். ஆய்வு செய்கிறவர்களுக்கு மூலங்களைத் தேடிக் கொடுப்பது, தேடியதை ஒழுங்காக அடுக்க வைப்பது, கடைசியில் நூற்பட்டியலை வரிவரியாகச் சரிபார்த்து முத்திரை குத்துவது அவர் வேலை. அந்த முத்திரை இல்லாத ஆய்வேடு, பட்டம் கொடுக்கும் மன்றத்தின் வாசலைத் தாண்டாது. அதனால் பேராசிரியர்கள்கூட அந்த மேசைக்கு வந்தால் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறார்கள்.

பட்டியல்காரர்களுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. தன் கண்ணால் பார்க்காத புத்தகத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் போடுவார்கள். அடுத்தவர் சொல்லித்தான் தெரியும், நான் பார்க்கவில்லை என்று அர்த்தம். மற்றவர்கள் இதை வேலையோடு விட்டுவிடுகிறார்கள். புருல் வீட்டுக்கும் கொண்டுபோகிறார். கீழ்த்தளத்தில் கோட்டு வாங்கி மாட்டும் அம்மாள் ஒருநாள், பொருளாதாரத் துறைக்காரர் இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்டுவிட்டார் என்று காதோடு காதாகச் சொல்லியிருக்கிறார். "எத்தனாம் பக்கம்?" என்று கேட்டுவிட்டு மாடியேறிவிட்டார் புருல். அந்த அம்மாள் இன்னும் அதை ஆறவிடவில்லை.

இந்த மேசைக்கு ஷர்ஷென் வந்து சேர்ந்தது ஒரு பிப்ரவரி மாதம். ஐம்பத்துநான்கு வயது, பனியில் வெந்த முகம், நீர்வளத் துறையில் அளவு எடுப்பவர். பதினான்கு கோடைகளாக ஒரே மலைப் பனியாற்றின் நுனியைச் சங்கிலி பிடித்து அளந்து வந்தவர். வீட்டில் மூத்தவள் பனி, நான் இளையவள் என்று அவர் மனைவி விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாராம். அந்தப் பனி நூறு வருடத்தில் எவ்வளவு பின்வாங்கியது என்பதுதான் அவர் எழுதிக்கொண்டிருந்த ஆய்வேடு. மூலங்களைக் கொண்டுவரச் சொன்னதற்கு ஒரு நெகிழிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதி அதில் இருந்தது. மீதி, பேரனும் ஆட்டுக்குட்டிகளும் நிறைந்த கைப்பேசியில் படங்களாகக் கலந்து கிடந்தது.

புருல் முகம் சுளிக்கவில்லை. பையை மேசைமேல் கவிழ்த்தார். மூன்று குவியலாகப் பிரிக்கச் சொன்னார்: பார்த்தது, பார்க்காதது, பார்த்தமாதிரி இருக்கிறது. "மூணாவதுதான் அண்ணே ஆளக் கவுக்கும்" என்று எச்சரிக்கை வேறு. ஒவ்வொரு கோப்புக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்கம் என்று பெயர் வைக்கப் பழக்கினார். ஷர்ஷெனுக்கு விரல் தடித்த விரல். ஒரு எழுத்துக்கு இரண்டு எழுத்து விழும். அவர் மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். நூற்றெண்பத்து மூன்று மூலங்கள் வரிசைக்கு வந்தன. தன் வாழ்நாளில் இப்படி ஒன்று ஒழுங்காக இருந்து பார்த்ததில்லை என்று மனைவியிடம் போய்ச் சொன்னார்.

நூற்றெண்பத்திரண்டு சரியாக இருந்தன. நாற்பத்தொன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் புருல் பென்சிலால் ஒரு நட்சத்திரம் போட்டார்.

 ஷர்ஷெனுடைய நோவெல்லாம் அந்த எண்ணில்தான் இருந்தது. 1926இல் ஒரு குழு அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய், ஒரு பாறையில் சிவப்புச் சாயத்தால் குறி போட்டு, அங்கிருந்து பனியின் நுனி வரை அளந்தது. அந்தக் குழு வெளியிட்ட கையேடுதான் நாற்பத்தொன்று. அதிலுள்ள அளவு 212 மீட்டர் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. ஷர்ஷென் அந்தப் பாறையைத் தேடிக் கண்டுபிடித்து, அதிலிருந்துதான் பதினான்கு வருடமும் அளந்தார். அந்தக் காலத்துப் பனியின் நுனி கொட்டிவிட்டுப் போன கல்வரம்பும் அங்கே அப்படியே இருக்கிறது. ஆனால் பாறைக்கும் வரம்புக்கும் நடுவே 212 இல்லை. நானூற்றைம்பது மீட்டருக்கு மேல் இருக்கிறது. அவர் எத்தனை முறை அளந்தாலும் அதேதான் வந்தது.

அவருடைய ஆய்வு வழிகாட்டி தாலாய்பெக் அவரைவிடப் பதினாறு வயது இளையவர், கெட்ட மனிதர் இல்லை. பாறை தப்பு என்றார். "செவப்புச் சாயம் யாரு வேணா அடிப்பாங்க அண்ணே. ஆடு மேய்க்கறவன் அடிச்சிருப்பான். அந்தப் பாறைய விட்ருங்க, 212அ வெச்சு எழுதி முடிங்க." பாறையை விட்டால் நூறு வருடக் கணக்கில் ஷர்ஷெனின் பங்கு என்று ஒன்றும் மிஞ்சாது. பதினான்கு கோடைகளும் கடைசியில் இரண்டு பக்கப் பின்னிணைப்பாகச் சுருங்கிவிடும். விடாவிட்டால் மன்றத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். மன்றத்துக்கு ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டியது வெள்ளிக்கிழமை. புருல் நட்சத்திரம் போட்டது அதற்கு முந்தின திங்கள். நட்சத்திரம் இருக்கும்வரை முத்திரை விழாது.

எல்லாரும் இதை மேற்கோள் காட்டுகிறார்களே, முப்பது பேராவது இருப்பார்களே என்று ஷர்ஷென் மன்றாடிப் பார்த்தார். புருல் அந்த முப்பதையும் ஏற்கெனவே பிரித்து மேய்ந்திருந்தார். முப்பது பேரும் 1950களில் வந்த ஒரே புத்தகத்தைப் பார்த்து எழுதியவர்கள். அந்தப் புத்தகம் மட்டும்தான் மூலக் கையேட்டைப் பார்த்திருக்கிறது. "முப்பது பேரு இல்ல அண்ணே. ஒரே ஆளு முப்பது தடவ" என்றார். அல்மாட்டி, தாஷ்கென்ட், தோம்ஸ்க் நூலகங்களில் இருக்கும் தன் சகாக்களுக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பினார். செவ்வாய்க்கிழமைக்குள் பதில்கள் வந்துவிட்டன. அந்தக் கையேடு எங்கேயும் இல்லை.

அன்று மதியம் அவர் நிலவறைக்குப் போய்ப் பழைய வரவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு புத்தகமும் வரிசை எண்ணோடு பதியப்படும் ஏடு அது; கழித்துக் கட்டினால் சிவப்பு மையில் கோடு விழும். 1931 வசந்தத்தில் ஒரு வரி: முப்பத்துநான்கு பக்கக் கையேடு, உயரம் இருபத்திரண்டு சென்டிமீட்டர், குழுவின் பெயர். சிவப்புக் கோடு இல்லை. புத்தக விவர அட்டைகளை அடுக்கிய பெட்டியில் அதற்கு அட்டையும் இல்லை, அலமாரியில் அந்த எண்ணில் புத்தகமும் இல்லை. தொலைந்துவிட்டது என்றுதானே யாரும் சொல்வார்கள்? புருல் கன்னத்து உருண்டையை வலப்பக்கம் மாற்றிக்கொண்டார்.

"வந்திருக்கு. போகல. அப்ப இங்கதான் இருக்கு."

அவருக்கு ஒன்று தெரியும். அந்தக் காலத்தில் புத்தகம் தைத்துக் கட்டும் அட்டைக்கும் துணிக்கும் பஞ்சம். கட்டுகிறவர் ஒல்லியான கையேடுகள் நாலைந்தை ஒரே உயரமாகப் பார்த்துச் சேர்த்து ஒரு கட்டாகக் கட்டிவிடுவார். விவரம் எழுதுகிறவர் முதல் கையேட்டின் தலைப்பையும் பக்கக் கணக்கையும் மட்டும் விவர அட்டையில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். பின்னால் இருப்பவை அன்றோடு உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்தன. அப்படிப்பட்டதைத் தலைப்பை வைத்துக்கொண்டு தேடி எந்தப் பயனும் இல்லை. அட்டையில் சொற்பப் பக்கம், அலமாரியில் தடித்த முதுகு, இந்தப் பொருத்தமில்லாத ஜோடியைத்தான் தேட வேண்டும்.

இந்த நூலகத்தில் பழைய புத்தகங்கள் பொருள்வாரியாக இல்லாமல் உயரவாரியாக நிற்பவை. இருபத்திரண்டு சென்டிமீட்டர்க்காரர்கள் மட்டும் பதினோரு அலமாரி. புதனும் வியாழனும் புருல் ஏணியில், ஷர்ஷென் கீழே அட்டைக் கட்டோடு. கீழேயிருப்பவர் பக்க எண்ணை வாசிக்க, மேலேயிருப்பவர் முதுகை அமுக்கிப் பார்த்து அடுத்ததுக்குப் போவார். வெளியே தந்தூர் கடையிலிருந்து இறைச்சி அடைத்துச் சுட்ட சம்சா வாங்கி வந்து, நடைவழியில் நின்றே தின்று, இரண்டு முறை கை கழுவிவிட்டு மறுபடி ஏறுவார்கள். நடுவில் தாலாய்பெக் வந்து எட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். இந்தப் பெண்ணுக்கு இதில் என்ன வந்தது, என் பாறைக்காக இவள் ஏன் தும்மிக்கொண்டே ஏணியில் நிற்கிறாள் என்று ஷர்ஷெனுக்குப் புரியவில்லை. கேட்கவும் கேட்டார். புருலின் பதில், "உங்களுக்காக இல்ல அண்ணே. நாப்பத்தொண்ணுக்காக."

வியாழன் மூன்று மணிக்கு ஷர்ஷென் ஓர் அட்டையை வாசித்தார்: செம்மறி ஆட்டுச் சொறிக்கு மருந்துக் குளியல், இருபத்தெட்டுப் பக்கம்.  நிமிர்ந்து பார்த்தார். புருலின் விரல்கள் அந்த முதுகில் அப்படியே நின்றிருந்தன. இரண்டு விரற்கடைத் தடிமன். இறங்கி வந்து மேசையில் வைத்துத் திறந்தார், வழக்கம்போலக் கடைசியிலிருந்து. முடிவில் தேனீ வளர்ப்பு, அதற்கு முன்னால் நான்காவதாக அந்த 1926 குழுவின் கையேடு.

ஷர்ஷெனைத்தான் வாசிக்கச் சொன்னார். பதினெட்டாம் பக்கத்தில் குழுத்தலைவர் எழுதியிருந்தார்: மீட்டர் நாடா ஆற்றைக் கடக்கும்போது அடித்துக்கொண்டு போய்விட்டது, ஆகவே பழைய சாஜென் சங்கிலியால் அளந்தோம், குறியிட்ட பாறையிலிருந்து பனி நுனிக்கு 212. சாஜென் என்பது ருஷ்யர்களின் பழைய அளவு, இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. 1950களின் ஆசிரியர் எண்ணை எடுத்துக்கொண்டார், சங்கிலியை விட்டுவிட்டார். ஷர்ஷென் நெகிழிப் பையின் முதுகிலேயே பெருக்கிப் பார்த்தார். நானூற்று ஐம்பத்திரண்டு. இன்னொரு தடவையும் பெருக்கினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பதினான்கு கோடைகள், அத்தனையும் அந்தப் பாறையிலிருந்துதான், சரியான பாறையிலிருந்துதான். அந்த ஒல்லிப் பெண்ணுக்கு என்ன கொடுத்தாலும் தகும் என்று அந்த நிமிடம் அவருக்குத் தோன்றியது. இன்றுவரை அது மாறவில்லை.

புருல் ஒரு குவளைத் தேநீரை அவர் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "அழுதுட்டு, பக்க நம்பர எழுதிக்குங்க."

ஆய்வேடு ஜூனில் தேறியது. மன்றத்தில் முதல் கேள்வி எதிர்பார்த்தபடி பாறையைப் பற்றித்தான். பதிலை எழுந்து சொன்னவர் தாலாய்பெக். நன்றிப் பக்கத்தில் புருல் பெயரை முதலில் எழுதியிருந்தார் ஷர்ஷென். இனிப்புப் பெட்டியும் வாங்கிக்கொண்டு போனார். பெட்டி அவர் கண்முன்னாலேயே கோட்டு மாட்டும் அம்மாளுக்குப் போய்விட்டது. அந்த மேசைக்கு வரும் இனிப்பெல்லாம் அங்கேதான் போகும்.

தன்னிடம் வந்து தேறியவர்களின் ஆய்வேடுகளுக்கென்று புருல் சொந்தமாக ஒரு விவர அட்டைப் பெட்டி வைத்திருக்கிறார். அதில் தன் அட்டையைப் பார்க்க ஷர்ஷென் ஆசைப்பட்டார். புருல் எடுத்துக் காட்டினார். பெயர், தலைப்பு, ஆண்டு, பக்கம், எல்லாம் அழகாக இருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு நட்சத்திரம். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. நீங்கள் வரிவரியாகப் படித்த ஏடாயிற்றே, முத்திரையே குத்தினீர்களே, இன்னும் என்ன என்று கேட்டார்.

"ஏட்டப் பாத்தேன் அண்ணே. பாறைய எங்க பாத்தேன்?"

விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறவர்கள் புருலைத் தெரியாதவர்கள்.  ஆகஸ்ட் கடைசியில், வழக்கமான அளவுக்குப் போகும்போது, ஷர்ஷென் ஜீப்பைப் புருல் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஒலி எழுப்பினார்.

பனியாறுகளைப் பற்றி நானூறு அட்டை எழுதிய அந்தப் பெண் அதுவரை நகரத்தை ஒட்டிய மலைப் பூங்காவின் நுழைவாயிலைத் தாண்டியதில்லை. நகரத்துச் செருப்போடு வந்துவிட்டார். பாதி வழியில் ஷர்ஷென் தன் மாற்றுக் காலுறைகள் இரண்டைக் கொடுத்து, மகளுடைய பழைய மலைச்செருப்பையும் கொடுத்தார். தெரிந்துதான் எடுத்து வந்திருந்தார். ஐந்து மணி நேர ஏற்றம். புருல் மூச்சு வாங்கினார், திட்டினார், குருத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஏறினார். பாறை வந்தது. ஆளுயரம், கருப்பு, காற்றுக்கு முதுகு காட்டிய பக்கத்தில் துருப்பிடித்தாற்போல் ஒரு சிவப்புக் கோடு. முதலில் பின்பக்கம் போய்ப் பார்த்தார். பிறகு முன்னால் வந்து கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்து ஓர் அமுக்கு அமுக்கினார்.

கைப்பையைத் திறந்தார். அந்த அட்டை உள்ளே இருந்தது. கூடவே ஓர் அழிப்பானும். அட்டையைப் பாறைமேல் வைத்தார். காற்று அதைத் தூக்கப் பார்த்தது. ஷர்ஷென் குனிந்து, தடித்த இரண்டு விரல்களால் ஓரங்களைப் பிடித்துக்கொண்டார். புருல் நட்சத்திரத்தை மெதுவாக அழித்து, தூளை ஊதிவிட்டார்.