தம்பியின் தங்க நிறம்

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது தம்பி பிறந்தான். தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு இரண்டாம் நாளே அவனைத் தூக்கி வந்துவிட்டார்கள். மறுநாள் அவன் முகம் மஞ்சள் பூசியதுபோல் மின்னியது. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. நம் குடும்பத்தில் தங்க விக்கிரகம் வந்து பிறந்திருக்கிறது என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அழாமல், பாலுக்குக்கூட விழிக்காமல் தூங்கியது அவனுக்கு இன்னொரு சிறப்பாயிற்று. நான் பிறந்தபோது பொட்டைப் பிள்ளை கரிக்கட்டையாட்டம் இருக்கிறதே என்றவளும் அவள்தான். எனக்குத் தம்பியைப் பிடிக்கவேயில்லை.

நான்காம் நாள் காலை, மாடியில் குடியிருந்த நர்ஸ் அக்கா குழந்தையைப் பார்க்க வந்தாள். காற்று படக்கூடாதென்று சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்து, வெளிச்சத்தில் அவன் துணியை விலக்கினாள். மார்பை விரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடமும் மஞ்சளாகவே இருந்தது. பிறகு உள்ளங்காலைப் பார்த்தாள். கடைசியாக எப்போது பால் குடித்தான் என்று கேட்டாள். அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"இது கலரு இல்லம்மா, காமாலை. காலு வரிக்கும் எறங்கிகீது. இப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க."

செவ்வாய்க்கிழமை பச்சைக் குழந்தையை வாசல் தாண்ட விடக்கூடாது, வெயிலில் காட்டினால் போதும் என்றாள் அத்தை. அப்பா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தன் அக்காவின் பேச்சை அதுவரை மீறியறியாதவர், சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் டாக்சி பிடிக்க ஓடினார்.

இரண்டு நாள் கழித்து நர்ஸ் அக்கா என்னை அழைத்துப்போய்க் கண்ணாடி வழியாகக் காட்டினாள். கண்களைத் துணியால் மூடி, வெற்றுடம்பாக, நீல விளக்குகளுக்கு அடியில் தம்பி கிடந்தான். கைகால்களை உதைத்துக்கொண்டு வீறிட்டான். அந்தத் தங்க நிறத்தைப் போக்குகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். அது எனக்கு நியாயமாகவே பட்டது.

ஒரு வாரத்தில் வீடு திரும்பினான். பசி வந்தால் தெருவுக்கே கேட்டது. நிறம், அச்சாக என் நிறம். அன்றுதான் முதன்முதலாக அவனை மடியில் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் நர்ஸ் அக்கா வந்தபோது, அம்மா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுதாள்.

"அழாதம்மா, கறுப்பா இருந்தாலும் அழகாத்தான இருக்கான்," என்றேன்.

அம்மா சிரித்தாள், ஆனால் அழுகையும் நிற்கவில்லை. நிறம் போனதற்கு இத்தனை அழுகையா என்று எனக்குக் கோபமாக வந்தது.