மோட்டார் கொட்டகை ரேடியோ

கழனியில் எனக்கு ஏழு துண்டு. ஏழிலும் நெல் பால் பிடிக்கும் பருவத்தில் நின்றது. இப்போது காய்ந்தால் பதர்தான் மிஞ்சும். மும்முனை மின்சாரமோ சொல்லிவிட்டு வருவதில்லை.

மகன் ஓரகடத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். மோட்டாருக்கு ஒரு பெட்டி வாங்கி மாட்டியிருந்தான். கரண்ட் வந்ததும் அது அவன் போனைக் கூப்பிடும். அவன் அங்கிருந்தே ஓர் எண்ணை அழுத்தினால் இங்கே தண்ணீர் கொட்டும். ஆனால் வேலைக்குப் போனதும் போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். கரண்ட் வந்து, அவனைக் கூப்பிட்டு, போயும்விட்டது. ஷிப்ட் முடிந்துதான் அவனுக்கே தெரிந்தது.

பரணிலிருந்து பழைய ரேடியோவை இறக்கினேன். முன்பெல்லாம் மோட்டார் கொட்டகைகளில் ரேடியோவை முழுச் சத்தத்தில் திருகி, அணைக்காமல் விட்டுவருவோம். மோட்டார் ஓடும் கரண்ட் வந்தால்தான் அது பாடும். நாலு கொட்டகையிலும் ஒரே பாட்டு கிளம்பும். சாப்பிடுகிறவர்கள் கைகூடக் கழுவாமல் ஓடுவார்கள். அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

"அந்தப் பொட்டிய இன்னும் வச்சிக்கினு கீறியா? உள்ள எலி குட்டி போட்டுக்கீதா பாரு," என்றாள் மனைவி.

கொட்டகையில் அதை மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையிலிருந்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். பாட்டு வரவில்லை.

"ஒக்காருய்யா. நீ நடந்தா கரண்டு வந்துருமா?"

வெயில் ஏறிய பிறகு கழனிப் பக்கம் சோவென்று ஓர் இரைச்சல் கேட்டது. அவள் காயவைத்த வடகத்தை அள்ளினாள்.

"மய வருது போல கீதே."

மழை வந்தால் கரண்டே வேண்டாம் என்று கொஞ்ச நேரம் நிம்மதியாகக்கூட நின்றேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. இரைச்சலோ ஓயவில்லை. பிறகுதான் உறைத்தது. நான் முள்ளை வைத்திருந்த இடத்தில் இப்போது எந்த நிலையமும் பாடுவதில்லை. இரைவது ரேடியோ.

செருப்பை மறந்து ஓடி மோட்டாரைப் போட்டேன். ஐந்து துண்டு நனைந்தது. ஆறாவதன் மடையைத் திறக்கும்போது ரேடியோவும் மோட்டாரும் ஒன்றாக அடங்கின.

மதியம் அவள் கொட்டகைக்கே சோறு கொண்டுவந்தாள்.

"இங்கியே குடித்தனம் பண்ணப் போறியா? வூட்டுக்குத்தான் கேக்குதே."

"கேக்கும். மயன்னு நெனச்சிக்கினு நீ வடகத்த அள்ளுவ. இன்னும் ரெண்டு துண்டு பாக்கி கீது."

பாட்டு வரும் இடத்துக்கு முள்ளைத் திருப்பலாம் என்று கை போயிற்று. கரண்ட் இல்லாமல் அந்த இடம் எது என்று எப்படித் தெரியும்? உள்ள இரைச்சலும் போய்விட்டால்? கையை எடுத்துக்கொண்டேன். தட்டை மடியில் வைத்து, ரேடியோ பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டேன்.